சிஃபிலிஸ்: தாத்தா நோட்டுல பூரம், வீரம், பறங்கிப்பட்டை... இதெல்லாம் கேட்டுச்சா?

#1 காத்தாடி_கொழிஞ்சாம்பாறை

வணக்கமுங்க. எங்க அம்மாவோட தாத்தா கொழிஞ்சாம்பாறைப் பக்கம் நாட்டு வைத்தியரா இருந்தவரு. அவரு கைப்பட எழுதின நோட்டு ஒண்ணு இப்ப எங்கிட்ட இருக்கு. பாம்புக்கடிக்கு ஒரு பக்கம், மஞ்சக்காமாலைக்கு ஒரு பக்கம்னு போகுது. ஆனா பறங்கிப்புண்ணு, மேகக்கிரந்தி, மேகரணம்னு, அதாவது உடலுறவுல ஒட்டற இந்த சிஃபிலிஸுக்கு மட்டும் பாதி நோட்டு இருக்குதுங்க. மருந்துன்னு பார்த்தா பூரம், வீரம், லிங்கம் (இந்த மூணும் பாதரசச் சரக்கு), சேராங்கொட்டை, பறங்கிப்பட்டை. பூரம் சாப்பிட்டவனுக்கு வாய் வெந்து எச்சில் ஒழுகும், விஷம் இறங்கறதுக்கு அதுதான் அடையாளம், பயப்பட வேண்டாம்னு வேற எழுதி வெச்சிருக்காரு. உப்பு புளி கூடாது, ஒரு மண்டலம் திண்ணை அறையை விட்டு வெளிய வரக்கூடாது.

நம்ம தாலூக்காவுல இது அவ்வளவு பரவலா இருந்துச்சுங்களா? போர்த்துகீசுக்காரன் கொண்டாந்து விட்டதுங்கறாங்களே, நிஜமா? இந்த மருந்துல ஆளு பொழைச்சாங்களா இல்லையா? தெரிஞ்சவங்க சொல்லுங்க. கிண்டல் பண்றவங்க கொஞ்சம் தள்ளி உக்காருங்க.

#2 சோகநாசினி

சித்தூர்க்காரன் பதில் சொல்றேன். பாலக்காட்டுச் சித்தூர். (போன தடவை ஒருத்தர் ஆந்திராச் சித்தூர்னு நினைச்சு எங்கிட்ட காணிப்பாக்கத்துக்கு வழி கேட்டார்.)

ஐரோப்பாவுல இது பெருசா வெடிச்சது 1495-ல, நேப்பிள்ஸ்ல. பிரான்ஸ் ராஜா எட்டாம் சார்லஸ் படையெடுத்துப் போய் அங்க தங்கின சமயம். பல தேசத்துக் கூலிப்படை அது. படை கலைஞ்சு அவனவன் ஊருக்குத் திரும்பினான், நோயும் கூடவே போச்சு. பிரெஞ்சுக்காரன் இத்தாலிக்காரனைச் சொன்னான், இத்தாலிக்காரன் பிரெஞ்சுக்காரனைச் சொன்னான், ருஷ்யாக்காரன் போலந்து தலையில கட்டினான். நாம பறங்கியச் சொன்னோம்.

மூணே வருஷத்துல, 1498-ல, வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுல இறங்கறான். கொஞ்ச வருஷம் கழிச்சு வந்த இத்தாலிக்காரர் லுடோவிகோ டி வர்த்தேமா கோழிக்கோட்டு ராஜா சாமூதிரியைப் பார்த்ததா எழுதியிருக்கார். புத்தகம் 1510-ல ரோம்ல அச்சாச்சு. ராஜா அன்னைக்கு நகை அதிகமாப் போடலையாம். ஒண்ணு, போர்த்துகீசியரோட சண்டை. இன்னொண்ணு, பிரெஞ்சு நோய் தொண்டையில வந்திருந்துச்சாம். வழிப்போக்கன் ஒருத்தன் சொன்னதை வெச்சு செத்துப்போன ராஜாவுக்கு லேப் ரிப்போர்ட் எழுத நான் தயாரில்லை. ஆனா அந்தப் புத்தகம் அச்சாகறதுக்குள்ளயே மலபார் கரையையும் இந்த நோயையும் சேர்த்துப் பேசியிருக்காங்கங்கறதுக்கு அது சாட்சி.

வைத்திய நூல் பக்கம் பார்த்தா, சரகர், சுசுருதர் கிட்ட இந்தப் பெயர்ல நோய் கிடையாது. 16-ஆம் நூற்றாண்டு பாவமிஸ்ரர் தன்னோட பாவப்பிரகாசத்துலதான் பிரங்க ரோகம், அதாவது பறங்கி நோய்னு தனியாப் பிரிச்சு எழுதறார்.

மூல ஊர் எதுங்கற சண்டை இன்னும் முழுசா ஓயலை. ஆனா 2024-ல பழைய எலும்புகள்ல இருந்து கிருமியோட டி.என்.ஏ.வை எடுத்துப் பார்த்தாங்க. மெக்சிகோ, பெரு, சிலி, அர்ஜென்டினா எலும்புகள்ல, கொலம்பஸுக்கு முன்னாடியே இந்தக் குடும்பத்துக் கிருமிங்க இருந்திருக்கு. அமெரிக்காவுல இருந்து கப்பலேறி வந்ததுங்கற கட்சி கை இப்ப ஓங்கியிருக்கு.

#3 பச்சிலை_பொள்ளாச்சி

நான் சித்த மருத்துவம் படிக்கிறேன். காத்தாடி அண்ணா, அந்த நோட்டைத் தயவுசெஞ்சு பழைய பேப்பர் கடைக்குப் போட்றாதீங்க.

பறங்கிப்பட்டையை லேசா நினைக்காதீங்க. அது நம்ம ஊர்ச் சரக்கே இல்லை, சீனத்துக் கிழங்கு. கோவாவுல இருந்த போர்த்துகீசிய வைத்தியர் கார்சியா ட ஓர்த்தா, 1563-ல அங்கயே அச்சடிச்ச புத்தகத்துல இதைப் பத்தி விலாவாரியா எழுதியிருக்கார். அதுக்கும் முன்னாடி 1546-ல, மனுஷ உடம்பை அறுத்துப் படம் போட்ட வெசாலியஸ், இந்தக் கிழங்குக் கஷாயத்தைப் பத்தித் தனியா ஒரு நீண்ட கடிதமே அச்சாக்கினார். ஸ்பெயினையும் ஆண்ட சக்கரவர்த்தி ஐந்தாம் சார்லஸ் குடிச்ச கஷாயம் இது. இன்னைக்கும் பறங்கிப்பட்டைச் சூரணம் எல்லாச் சித்த மருந்துக் கடையிலயும் கிடைக்குது, தோல் வியாதிக்குத் தர்றோம்.

பூரமும் அப்படித்தான். சுத்தி பண்ணிக் கொடுக்கணும், பண்ணாமக் கொடுத்தாத்தான் விஷம். கேட்காத மருந்தை நாலு நூற்றாண்டு மக்கள் காசு கொடுத்துச் சாப்பிட்டிருப்பாங்களா?

#4 ஸ்லைடு_சார்

தம்பி பச்சிலை, நல்ல கேள்வி. சாப்பிட்டிருப்பாங்க. ஏன்னு சொல்றேன். நான் கேரள அரசு ஆசுபத்திரி லேப்ல வேலை பார்த்து ரிட்டையர் ஆனவன். வி.டி.ஆர்.எல்.ங்கற சிஃபிலிஸ் ரத்த டெஸ்ட் பார்த்துப் பார்த்தே கண்ணாடி பவர் ஏறினவன்.

சிஃபிலிஸ் கிருமி உடம்புல ஏறி ஏறக்குறைய மூணு வாரத்துல ஒரு புண் வரும். வலிக்காது. அதுதான் அதோட சாமர்த்தியம். மருந்தே போடாட்டியும் மூணுல இருந்து ஆறு வாரத்துல அந்தப் புண் தானா ஆறிடும். அப்புறம் சில வாரம், மாசம் கழிச்சு உடம்பெல்லாம் தடிப்பு, உள்ளங்கை உள்ளங்கால்ல கூட. அதுவும் தானா மறையும். அதுக்கப்புறம் வருஷக்கணக்கா ஒண்ணுமே தெரியாது.

இப்ப வைத்தியர் பக்கம் வாங்க. ஒரு மண்டலம் மருந்து. 48 நாள். புண் தானா ஆற மிஞ்சிப் போனா 42 நாள். கணக்குப் போட்டுப் பாருங்க. பூரம் கொடுத்தாலும் ஆறும், பனங்கற்கண்டு கொடுத்தாலும் ஆறும். ஆறினவன் வெத்தலை பாக்கு, வேட்டி வெச்சுக் கும்பிட்டுட்டுப் போவான்.

மருந்தே கொடுக்காம விட்டா என்ன ஆகும்னு நார்வேயில பார்த்திருக்காங்க. ஆஸ்லோவுல சீசர் பொயெக்னு ஒரு டாக்டர், பாதரசம் நன்மையை விடக் கெடுதல்தான் பண்ணுதுன்னு முடிவு பண்ணி, 1891-ல இருந்து 1910 வரைக்கும் சுமார் 2,000 பேரை பாதரசம் கொடுக்காம, புண் ஆறுற வரை ஆசுபத்திரியில வெச்சிருந்து அனுப்பினார். பின்னால வந்தவங்க அந்த ஆளுங்களைத் தேடிப்பிடிச்சுப் பார்த்தப்ப, ஏறக்குறைய மூணுல ஒரு பங்குக்குத்தான் முத்தின நோய் வந்திருந்துச்சு. அதாவது எந்த மருந்துமே இல்லாம மூணுல ரெண்டு பேர் "குணமாயிட்டேன்"னு சொல்லிட்டே போய்ச் சேர்ந்திருப்பாங்க. எந்த வைத்தியருக்கும் இதைவிட ராசியான வியாதி அமையாது.

மீதி அந்த ஒரு பங்கு என்ன ஆச்சு? பத்து இருபது வருஷம் கழிச்சு அதுல சிலருக்கு நெஞ்சுல பெரிய ரத்தக்குழாய் வீங்கி வெடிக்கும். இல்லைன்னா மூளைக்கு ஏறி ஆளு பேத்த ஆரம்பிப்பான். அப்ப பழைய புண் யாருக்கு ஞாபகம் இருக்கும்? செய்வினைம்பாங்க, சோட்டானிக்கரை அம்மன் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போவாங்க. வைத்தியர்கிட்டப் போய் "உங்க மருந்து கேட்கலை"ன்னு சொல்ல ஆளே இல்லை. சொல்லணும்னா என்ன வியாதிக்கு முதல்ல வந்தேன்னு ஊருக்கே தெரியணுமே!

காத்தாடி, உங்க தாத்தாவைக் குத்தம் சொல்லலை. லண்டன், பாரிஸ் டாக்டர்களும் அதே பாதரசத்தைத் தடவி, புகை போட்டு, பல்லு ஆடி எச்சில் படிக்கணக்குல ஒழுகினா சந்தோஷப்பட்டவங்கதான். ஒரே மருந்து, ஒரே தப்புக் கணக்கு.

#5 வாளையார்_லைன்

ஸ்லைடு சார் சொன்னது அப்படியே எங்க லைன் கதை. நான் லாரி ஓட்டினவன். ஜி.எஸ்.டி. வர்றதுக்கு முன்னாடி, 2017 வரைக்கும், வாளையார் செக்போஸ்ட்ல வண்டி நின்னா நின்னதுதான். சீட்டு போடறதுக்குள்ள சோறாக்கித் தின்னு, தூங்கி எந்திரிச்சு, மறுபடி சோறாக்கலாம். அந்தச் சும்மா இருக்கற நேரத்துல என்னென்ன நடக்கும்னு விரிச்சு எழுத வேண்டாம்.

பஸ் ஸ்டாண்டு கக்கூஸ் சுவத்துல நோட்டீஸ் இருக்கும். ஆண்மைக்குறைவு, மேகவெட்டை, ரகசிய வியாதி, இந்தத் தேதியில இந்த லாட்ஜ்ல வைத்தியர் இருப்பார்னு. மாடிப்படி ஏறினா வராந்தாவுல பத்துப் பேரு, ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாக்க மாட்டான். ரூமுக்குள்ள கட்டில் மேல தோல் பெட்டி, லேகிய டப்பா. கையைப் புடிச்சு நாடி பாத்துட்டு ஒரு தொகை சொல்லுவாரு. ரத்தம் கித்தம் எடுக்கறதெல்லாம் கிடையாது. எங்க கிளீனர் ஒருத்தன் வாங்கித் தின்னான். புண்ணு ஆறிப் போச்சு. கைராசிக்காரருன்னு அவனே இன்னும் நாலு பேரைக் கூட்டிட்டுப் போனான்.

#6 தர்மம்_தலைகாக்கும்

எதுக்கு இவ்வளவு ஆராய்ச்சி? ஒழுக்கமா இருந்தவனுக்கு இது வந்ததே கிடையாது. அந்தக் காலத்துல தாசிங்க, இந்தக் காலத்துல ரோட்டோரப் பொம்பளைங்க. ஊத்துக்கண் அங்க இருக்கு. அதை அடைச்சா நோய் போயிடும்.

#7 சோகநாசினி

> ஊத்துக்கண் அங்க இருக்கு. அதை அடைச்சா நோய் போயிடும்.

வெள்ளைக்காரன் இதையேதான் நினைச்சு சட்டமாவே போட்டான், ஐயா. 1868-ல இந்தியத் தொற்றுநோய்ச் சட்டம். கண்ணூர் மாதிரிப் பட்டாளம் இருந்த ஊர்கள்ல ஏற்கெனவே நடந்துட்டிருந்ததைப் பெரிய நகரங்களுக்கும் நீட்டினாங்க. தொழில் பண்ற பொம்பளைங்க பேரைப் பதியணும், குறிச்ச நாள்ல வந்து உடம்பைக் காட்டணும், நோய் இருந்தா லாக் ஆசுபத்திரியில அடைச்சு வைப்பாங்க. அவங்க கிட்டப் போற ஆம்பளைங்க பேரைப் பதிய அந்தச் சட்டத்துல வழியே இல்லை. ஒரு கையை மட்டும் கழுவி என்ன புண்ணியம்? பொம்பளைங்க பதிவுக்குப் பயந்து ஊரை விட்டு ஓடினாங்க, ஒளிஞ்சாங்க. நோய் குறையலை. இங்கிலாந்துல ஜோசஃபின் பட்லர் வருஷக்கணக்காப் போராடி 1886-ல அங்க இருந்த இதே மாதிரிச் சட்டத்தை ரத்து பண்ண வெச்சாங்க. இங்க 1888-ல எடுத்தாங்க.

நம்ம பக்கத்துல ஒரு வேடிக்கை. பாலக்காடு மலபார் ஜில்லா, சென்னை மாகாணம், வெள்ளைக்காரன் சட்டம். சித்தூர் கொச்சி ராஜ்யம். நடுவுல சில மைல்தான். ராஜ்யம் மாறினா சட்டம் மாறும், கிருமிக்கு என்ன எல்லை?

#8 ராத்திரி_டியூட்டி

தர்மம் சார், நான் பாலக்காடு ஜில்லாவுல ஸ்டாஃப் நர்ஸ். ஒண்ணு சொல்றேன். அடையாளம் தெரியற மாதிரி எதுவும் சொல்ல மாட்டேன்.

கர்ப்பிணிங்க எல்லாருக்கும் முதல் செக்கப்புலயே ஹெச்.ஐ.வி.யோட சேர்த்து சிஃபிலிஸும் பார்த்துடுவோம். ஒரு பொண்ணு, ரெண்டாவது கர்ப்பம். முதல் குழந்தை ஏழாம் மாசம் வயித்துலயே இறந்துடுச்சு. கண்ணு பட்டுடுச்சுன்னு மாமியார் மந்திரிச்சுக் கயிறு கட்டியிருந்தாங்க. ரிசல்ட் ரியாக்டிவ், 1:32. வீட்டுக்காரரை வரச் சொன்னா வரலை. போன் மேல போன் போட்டு ஒருவழியா வந்தார். தலையைத் தூக்கவே இல்லை. கல்யாணத்துக்கு முன்னாடி எப்பவோ ஒரு புண்ணு வந்துதாம், லாட்ஜ் வைத்தியர்கிட்ட லேகியம் சாப்பிட்டு ஆறிடுச்சாம். வாளையார் அண்ணன் எழுதினதைப் படிச்சதும் எனக்கு அவர் மூஞ்சிதான் நினைவுக்கு வந்துது.

அந்தப் பொண்ணு எங்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா: "சிஸ்டர், இதை கார்டுல எழுதுவீங்களா? மாமியார் கார்டைப் பாப்பாங்க." இவ எந்த ஒழுக்கத்துல குறைஞ்சவ, சொல்லுங்க? ரெண்டு பேருக்கும் வாரம் ஒண்ணா மூணு பெனிசிலின் ஊசி. குழந்தை நல்லபடியாப் பொறந்துது, அதுக்கும் டெஸ்ட் பார்த்தோம். கேரளத்துல இந்த நோய்க்கான கிளினிக்குக்கு "புலரி"ன்னு பேர் வெச்சிருக்காங்க. போர்டைப் பார்த்து வராந்தாவுல போறவங்க ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாது.

#9 மட்டுறுத்துநர்

கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக் குடும்பம் ஒன்றைப் பேர் சொல்லி "அவங்க வீட்டுல மூணு தலைமுறையா" என்று எழுதிய பதிவு நீக்கப்பட்டது. மறுபடி நடந்தால் இழை பூட்டப்படும்.

#10 பாலைக்காத்து

நீக்கினதுக்கு நன்றி. நான் மீனாட்சிபுரம். எனக்கு ஒரு விளக்கம் வேணும், ஸ்லைடு சார். சில வருஷம் முன்னாடி எனக்கு இது இருந்துச்சு, ஊசி போட்டு முடிச்சாச்சு. இப்ப வி.டி.ஆர்.எல். நான்-ரியாக்டிவ். கல்ஃப் மெடிக்கலுக்குப் போனேன், டி.பி.ஹெச்.ஏ.ங்கற இன்னொரு சிஃபிலிஸ் டெஸ்ட் பாசிட்டிவ்னு அன்ஃபிட் அடிச்சுட்டாங்க. கவுன்ட்டர்ல இருந்த ஆளு பேப்பரைத் தூக்கிப் பிடிச்சு, பின்னாடி நிக்கறவங்களுக்குக் கேக்கற மாதிரிச் சொன்னான். விசாவும் போச்சு, மானமும் போச்சு. நான் குணமானவனா இல்லையா?

#11 ஸ்லைடு_சார்

குணமானவன்தான், தம்பி. ரெண்டு டெஸ்டும் ரெண்டு விஷயத்தைப் பார்க்குது.

வி.டி.ஆர்.எல். எப்படிப் பண்ணுவோம்னா, ரத்தத்துல சீரம் பிரிச்சு 56 டிகிரியில அரை மணி நேரம் வைப்போம். வட்டம் போட்ட கண்ணாடி ஸ்லைடுல சீரத்தை விட்டு, அன்னன்னைக்குக் கலக்கின ஆன்டிஜன் ஒரு சொட்டு. அதை ரோட்டேட்டர்ல நிமிஷத்துக்கு 180 சுத்து, நாலு நிமிஷம். இறக்கின கையோட மைக்ராஸ்கோப்ல பார்க்கணும், ஆறப் போடக்கூடாது. நோய் இல்லைன்னா மெல்லிசா ஊசி ஊசியா ஒரே சீரா மிதக்கும். இருந்தா திரி திரியாச் சேர்ந்து கட்டி கட்டும். அப்புறம் சீரத்தைப் பாதி, அதில் பாதின்னு நீர்க்க விட்டு, எதுவரைக்கும் கட்டி கட்டுதுன்னு பார்ப்போம். சிஸ்டர் சொன்ன 1:32 அதுதான். மருந்து கேட்டா இந்த எண் நாலு மடங்காவது இறங்கும், பலருக்கு ஒண்ணுமே இல்லாமப் போயிடும். உனக்குப் போயிடுச்சு.

இன்னொரு சங்கதி: அந்த ஆன்டிஜன் மாட்டு இதயத்துல இருந்து எடுக்கற கார்டியோலிப்பின்ங்கற கொழுப்பு. கிருமியே அதுல இல்லை. 1906-ல வாஸர்மன் கண்டுபிடிச்ச டெஸ்ட்டோட வம்சம்தான். அதனால மலேரியா, தொழுநோய், லூபஸ், சிலருக்கு வெறும் கர்ப்பத்துல கூடச் சின்ன எண்ல பொய்யா ரியாக்டிவ் காட்டும். இந்த ஒரு பேப்பரை வெச்சு எத்தனை குடும்பத்துல சண்டை வந்திருக்கும்னு நினைச்சா எனக்கே வயித்தக் கலக்கும்.

டி.பி.ஹெச்.ஏ. கிருமிக்கு எதிரா உடம்பு உண்டாக்கினதைப் பார்க்கறது. வந்து போன தழும்பு மாதிரி, பெரும்பாலானவங்களுக்கு ஆயுசுக்கும் பாசிட்டிவாவே நிக்கும். அது இப்ப நோய் இருக்குன்னு சொல்லலை, ஒருகாலத்துல இருந்துச்சுன்னு மட்டும் சொல்லுது. மெடிக்கல் சென்டர்காரனுக்கு அந்த வித்தியாசம் தேவையில்லை, கட்டத்துல டிக் அடிச்சாப் போதும். ஆனா சத்தமாச் சொன்னான் பாரு, அதுக்கு எந்த விதியும் கிடையாது. எழுத்துல புகார் கொடு.

#12 பச்சிலை_பொள்ளாச்சி

மண்டலக் கணக்கை எங்க புரொஃபசர் யாரும் இப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. யோசிக்க வெச்சுட்டீங்க சார். ஆனா இங்கிலீஷ் மருந்து மட்டும் யோக்கியம்னு இழை போகுது, அதை விட மாட்டேன். அமெரிக்காவுல டஸ்கீகீல, 1932-ல இருந்து 1972 வரைக்கும், சிஃபிலிஸ் இருந்த 399 கறுப்பின ஆம்பளைங்களுக்கு, அரசாங்கமே வைத்தியம் பண்றதா ஏமாத்திச் சும்மா பார்த்துக்கிட்டே இருந்துச்சு. சாப்பாடு போட்டாங்க, சாவுச் செலவு தர்றேன்னாங்க, பதிலுக்குச் செத்தப்புறம் உடம்பை அறுத்துப் பார்க்கணும். பெனிசிலின் வந்தப்புறமும் கொடுக்கலை. 1997-ல கிளின்டன் மன்னிப்புக் கேட்டார். எங்க சித்தர்கள் யாரும் இப்படிப் பண்ணலை.

#13 ஸ்லைடு_சார்

அதுல உனக்கும் எனக்கும் சண்டையே இல்லை. இன்னும் ஒண்ணு சேர்த்துக்கோ: 1946-ல இருந்து 48 வரைக்கும் குவாத்தமாலாவுல அதே அமெரிக்க அரசாங்கத்து டாக்டருங்க கைதிங்க, சிப்பாய்ங்க, மனநோயாளிங்களுக்கு வேணும்னே நோயை ஏத்திப் பார்த்தாங்க. பொயெக் மருந்தை நிறுத்தினப்ப நல்ல மருந்துன்னு ஒண்ணு உலகத்துலயே இல்லை. டஸ்கீகீக்காரன் நல்ல மருந்தைக் கையில வெச்சுக்கிட்டே நிறுத்தினான். அந்த வித்தியாசத்தை மட்டும் மறக்காதே.

மருந்து வந்த கதையைச் சுருக்கிடறேன். 1905-ல பெர்லின்ல ஷௌடினும் ஹாஃப்மனும் கிருமியைக் கண்டாங்க. சுருள் சுருளா, சாதா மைக்ராஸ்கோப்புக்குச் சிக்காத ஆளு. 1909-ல எர்லிக்கோட லேப்ல ஜப்பான்காரர் ஹாட்டா முயல் மேல போட்டுப் பார்த்து 606-ஆம் நம்பர் மருந்து தேறுச்சு. சல்வர்சான். ஆர்சனிக்தான் அது. நம்ம வைத்தியர் பாஷாணம்னு சொல்ற இனம். மூளைக்கு ஏறினவனுக்கு மலேரியாக் காய்ச்சலை ஏத்தி விட்டு வைத்தியம் பண்ணின வாக்னர்-யாவ்ரெக்குக்கு 1927-ல நோபல் பரிசே கொடுத்தாங்க. பூரத்தைப் பார்த்துச் சிரிக்கறவங்க இதையும் பார்த்துச் சிரிக்கணும்.

1943-ல அமெரிக்காவுல மஹோனி நாலே நாலு பேருக்குப் பெனிசிலின் போட்டார். நாலு மணிக்கொரு ஊசி, எட்டு நாள், ராத்திரி பகலா. மொத்தம் 12 லட்சம் யூனிட். இப்ப ஆரம்ப நிலைன்னா ஒரே தடவையில 24 லட்சம் யூனிட், முடிஞ்சுது கதை. இத்தனை வருஷத்துல இந்தக் கிருமி பெனிசிலினுக்கு மட்டும் இன்னும் பழகிக்கலை. அஜித்ரோமைசினை எப்பவோ ஜெயிச்சுடுச்சு.

#14 காத்தாடி_கொழிஞ்சாம்பாறை

ஒரே ஊசியில போயிடும்னா இன்னும் ஏனுங்க உலகத்துல இருக்குது?

#15 ராத்திரி_டியூட்டி

இருக்கா இல்லையான்னே தெரியாம இருக்கறதால. உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி 2022-ல மட்டும் புதுசா 80 லட்சம் பேர். அமெரிக்காவுலயே அந்த வருஷம் 3,700-க்கு மேல குழந்தைங்க இதோட பொறந்திருக்கு. பக்கத்துல இலங்கை, தாயிலிருந்து பிள்ளைக்குப் போறதை ஒழிச்சுட்டதா 2019-ல சான்று வாங்கிடுச்சு. காசுனால மட்டும் ஆகற காரியம்னா அமெரிக்கா முதல்ல ஒழிச்சிருக்கணும்.

அப்புறம் அந்த ஊசி. பென்சத்தீன் பெனிசிலின் குப்பியில வெள்ளைப் பொடியா இருக்கும். தண்ணி விட்டு ஆட்டினா சுண்ணாம்புப் பால் மாதிரி ஆகும். மெல்லிசு ஊசின்னா அடைச்சுக்கும், தடி ஊசிதான் போடணும். இடுப்புல ஒரு பக்கத்துக்கு 12 லட்சம் யூனிட், ரெண்டு பக்கமும். மெதுவாத் தள்ளணும். பெரிய ஆம்பளைங்களே கட்டில் கம்பியைப் புடிச்சுக்குவாங்க. பெனிசிலின்னா அலர்ஜியாகி ஏதாவது ஆயிடுமோன்னு பல தனியார் டாக்டருங்க தொடறதே இல்லை. விலை கம்மிங்கறதால கம்பெனிக்காரங்களுக்கும் பெரிய அக்கறை கிடையாது, நடுநடுவுல ஸ்டாக்கே இருக்காது.

#16 புதுமுகம்_2

அக்கா, ஒரு ஃப்ரெண்டுக்காகக் கேக்கறேன். அவனுக்குப் போன வருஷம் ஒரு புண்ணு வந்து தானா ஆறிடுச்சு. வலியே இல்லை. இப்ப வீட்டுல அவன் சம்சாரம் மாசமா இருக்கு. அவன் டெஸ்ட் பண்ணிக்கணுமா? அதுவும் பண்ணணுமா? வீட்டுல என்ன சொல்றது?

#17 வாளையார்_லைன்

ஃப்ரெண்டு நல்ல ஃப்ரெண்டுதான். தம்பி, பயப்படாத.

#18 ராத்திரி_டியூட்டி

ரெண்டு பேரும் பண்ணணும், தள்ளிப் போடாம. அந்தப் பொண்ணுக்கு முதல் செக்கப்புல ஏற்கெனவே பார்த்திருப்பாங்க, கார்டை எடுத்துட்டு வரச் சொல்லுங்க. நெகட்டிவ்னு இருந்தாலும் விஷயத்தைச் சொல்லி மறுபடி பார்க்கச் சொல்லணும். வீட்டுல சொல்றதுக்குத் தைரியம் வரலைன்னா, முதல்ல அவன் மட்டும் வரட்டும். எப்படிச் சொல்றதுங்கறதுக்கும் அங்க கவுன்சிலர் இருக்காங்க, அவங்க வேலையே அது. அலர்ஜி உண்டுன்னா முன்னாடியே சொல்லணும். கர்ப்பிணிக்குப் பெனிசிலின்தான், மாத்திரை கதையெல்லாம் நடக்காது. ஊசி போட்ட ராத்திரி காய்ச்சல், நடுக்கம் வரலாம். கிருமி சாகறப்ப வர்றது, பாராசிட்டமால் போதும். ஆனா அந்தப் பொண்ணுக்கு வயிறு இறுக்கிப் பிடிச்சாலோ, குழந்தை அசையறது குறைஞ்சாலோ உடனே ஆசுபத்திரிக்கு வரணும். அப்புறம் சொல்ற தேதிக்கெல்லாம் மறுபடி ரத்தம் கொடுக்கணும். புண்ணு ஆறிடுச்சுன்னு இந்தத் தடவையும் நின்னுடக்கூடாது.

#19 புதுமுகம்_2

சரிங்க அக்கா. ஃப்ரெண்டு எத்தனை மணிக்கு வரணும்?

#20 ராத்திரி_டியூட்டி

எட்டரைக்கு ஓ.பி. சீட்டு கொடுக்க ஆரம்பிப்பாங்க. புலரின்னு கேட்டா வழி சொல்வாங்க. சாப்பிட்டுட்டே வரலாம்.